ஏசி பழுதாகும் நாளுக்கு முன்: சொந்த வீட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன், ஏஜக்ஸ், பிக்கரிங் என்று ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் காஸ் ஃபேர்னஸோடு சொந்த வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



உங்கள் வீட்டு ஏசிக்கு எத்தனை வயது என்று தெரியுமா? வெளியே சுவரோரம் நிற்கும் பெட்டியில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். தயாரித்த ஆண்டு பெரும்பாலும் அதில் இருக்கும். இந்த மடலை வாசித்து முடித்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பன்னிரண்டு, பதினைந்து வருடங்களுக்கு முந்திய பெட்டி என்றால், நான் எழுதுவது உங்களுக்குத்தான்.

வீடுகளின் சூடாக்கும், குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்ப்பதுதான் என் தொழில். பேஸ்மென்றில் வேலையை முடித்துவிட்டு மேலே வரும்போது தேத்தண்ணியைக் கையில் தந்து நம்மவர்கள் கேட்கும் கேள்வி இப்போது ஒன்றுதான்: "தம்பி, இந்த ஹைபிரிட் போட்டால் லாபமோ?" அவசரத்தில் நின்றபடி சொல்லக்கூடிய பதில் அதற்கு இல்லை. எல்லாருக்கும் சேர்த்து ஆறுதலாக எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

முடிவை முதலில் சொல்கிறேன். ஃபேர்னஸும் ஏசியும் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, ஏசியைக் கழற்றிவிட்டு காஸ் பில்லில் மிச்சம் பிடிக்கலாம் என்று ஹைபிரிட் போடுவது, அதாவது ஃபேர்னஸோடு ஹீற் பம்ப்பைச் சேர்ப்பது, நான் கீழே உதாரணமாக எடுக்கும் விலைகளில் பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஏசி பழுதாகி எப்படியும் புதிதாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று வரும்போது, ஹீற் பம்ப்பின் விலையையும் கேட்காமல் வெறும் ஏசியை வாங்கிவிடாதீர்கள். முடிவெடுக்க வேண்டிய நாள் அதுதான். அந்த நாள் பெரும்பாலும் ஜூலையில், வீடு வெக்கையில் அவிய, பிள்ளைகள் நித்திரையில்லாமல் புரளும்போது வரும். அப்போது யோசிக்க யாருக்கும் பொறுமை இராது. வந்தவர் நீட்டும் தாளில் கையெழுத்து விழுந்துவிடும். அதனால் அமைதியாக இருக்கும் நேரத்திலேயே கணக்கைப் போட்டு வைக்கச் சொல்கிறேன்.

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஹீற் பம்ப் பார்வைக்கும் வேலைக்கும் ஏசிதான். ஏசி, கோடையில் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே விடுகிறது. ஹீற் பம்ப்பில் கூடுதலாகத் திசைமாற்றும் வால்வு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அது குளிரூட்டி வாயுவின் ஓட்டத்தைத் திருப்பிவிடும். அப்போது வெளிக்காற்றின் சூடு வீட்டுக்குள் வருகிறது. பூச்சியத்துக்குக் கீழே போன காற்றிலும் எடுக்கக்கூடிய சூடு இருக்கிறது. ஆனால் குளிர் கூடக் கூட அதை எடுப்பதற்கு மின்சாரம் அதிகம் வேண்டும். நல்ல இயந்திரம் ஒன்று வெளியே 5 பாகை இருக்கும்போது, செலவாகும் ஒவ்வொரு அலகு மின்சாரத்துக்கும் சுமார் 3 அலகு சூடு தரும். பூச்சியத்தில் இரண்டரை. மைனஸ் 10இல் ஏறக்குறைய 2. மைனஸ் 20இல் அதற்கும் கீழே. மொடலுக்கு மொடல் இது மாறும். என்றாலும் போக்கு இதுதான்.

ஹைபிரிட் என்றால் இந்த ஹீற் பம்ப்பும் காஸ் ஃபேர்னஸும் ஒரே வீட்டில், ஒரே காற்றுக் குழாய்களில் சேர்ந்து இருப்பது. ஹீற் பம்ப்பின் சுருள் ஃபேர்னஸின் மேலே, இன்று உங்கள் ஏசியின் சுருள் இருக்கும் அதே இடத்தில் உட்காரும். குளிர் குறைந்த நாட்களில் ஹீற் பம்ப் ஓடும். கடுங்குளிரில் அது நிற்க, ஃபேர்னஸ் எரியும். சாதாரணமாக இரண்டும் ஒன்றாக ஓடுவதில்லை. எந்த வெப்பநிலையில் ஒன்று நின்று மற்றது தொடங்க வேண்டும் என்பது தெர்மோஸ்ரற்றில் பதியப்படும் ஓர் எண். அந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். லாபமும் நட்டமும் அதில்தான் இருக்கின்றன.

இனிக் கணக்கு. காஸ் பில்லையும் கரண்ட் பில்லையும் மேசையில் விரித்து வையுங்கள்.

காஸ் பில்லில் மாதாமாதம் வரும் நிலைக் கட்டணத்தை விட்டுவிடுங்கள். 20 டொலருக்கு மேல் இருக்கும் அந்தக் காசு, அடுப்புக்கோ தண்ணீர்ச் சூடாக்கிக்கோ காஸ் இருக்கும்வரை போய்க்கொண்டேதான் இருக்கும். ஹைபிரிட்டில் ஃபேர்னஸும் இருப்பதால் அது மிச்சமாகாது. மீதியாக உள்ள காஸ் விலை, விநியோகம், கொண்டுவரும் செலவு ஆகியவற்றைக் கூட்டி, பாவித்த கனமீட்டரால் பிரியுங்கள். உதாரணத்துக்கு ஒரு கனமீட்டர் 30 சதம் என்று வைப்போம். 13 வீத விற்பனை வரி சேர்ந்தால் 34 சதம். ஒரு கனமீட்டர் காஸில் பத்தரை அலகு (கிலோவாட் மணி) மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. 95 வீதத் திறனுள்ள ஃபேர்னஸ் அதிலிருந்து சுமார் 10 அலகு சூட்டைத் தரும். ஆகவே காஸில் ஓர் அலகு சூடு 3.4 சதம்.

மின்சாரத்தில் நேரத்துக்கு ஒரு விலை. 2024 நவம்பரில் ஒன்ராறியோ எரிசக்தி வாரியம் நிர்ணயித்த விலைகளையே உதாரணமாக எடுக்கிறேன். வழமையான திட்டத்தில் வார நாட்களில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையும், சனி ஞாயிறு முழுவதும் 7.6 சதம். குளிர்காலத்தில் வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் 15.8 சதம். இடைப்பட்ட பகலில் 12.2 சதம். 2023இல் வந்த அதிகுறைந்த இரவுக் கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை 2.8 சதம் மட்டுமே. அதற்குப் பதிலாக வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 28.4 சதம். பாவிக்கும் அலகோடு கூடும் மற்றக் கட்டணங்களுக்கு ஒரு 3 சதம் சேர்ப்போம். அந்தக் காலத்தில் மாகாணம் கொடுத்த தள்ளுபடியும் விற்பனை வரியும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டின. ஆக, வழமையான மலிவு நேரத்தில் ஓர் அலகு மின்சாரம் 10.6 சதம். அதிகுறைந்த இரவு நேரத்தில் 5.8 சதம்.

இப்போது ஒரே ஒரு வகுத்தல். மின்சார அலகின் விலையை, காஸில் ஓர் அலகு சூட்டின் விலையால் பிரியுங்கள். 10.6ஐ 3.4ஆல் பிரித்தால் 3.1 வரும். ஒவ்வொரு அலகு மின்சாரத்துக்கும் 3.1 அலகு சூடு கிடைத்தால்தான் ஹீற் பம்ப் காஸோடு சமமாக நிற்கும் என்பது இதன் பொருள். வெளியே 5 பாகைக்கு மேல் இருந்தால்தான் அது நடக்கும். 5.8ஐ 3.4ஆல் பிரித்தால் 1.7. இது மைனஸ் 10, 12 வரைக்கும் நடக்கும். விலை கூடிய காலை, மாலை நேரங்களுக்குக் கணக்கே தேவையில்லை. அப்போது காஸ்தான் மலிவு.

இதிலிருந்து தெரிவது என்ன? வழமையான திட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு, மேலே எடுத்த விலைகளில், ஹைபிரிட் போட்டதால் மட்டும் கையில் மிஞ்சுவது மிகச் சொற்பம். அதிகுறைந்த இரவுத் திட்டத்துக்கு மாறி, இரவில் ஹீற் பம்ப்பை ஓடவிட்டால் மிச்சம் உண்டு. எவ்வளவு? ஆண்டுக்கு 2,000 கனமீட்டர் காஸை வீட்டுச் சூட்டுக்கு எரிக்கும் வீட்டுக்கு 20,000 அலகு சூடு வேண்டும். அதில் 7,000 அலகு அந்த எட்டு மணிநேரத்தில் தேவைப்படுகிறது என்றும், ஓர் அலகுக்கு ஒரு சதத்துக்குச் சற்று மேல் மிச்சம் என்றும் எடுத்தால், ஆண்டுக்கு 80 டொலர் அளவில் வரும். பதினைந்து வருட ஆயுளுக்கு 1,200 டொலர். "பில் பாதியாகக் குறையும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்து, எந்த வரி பிழை என்று காட்டச் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் போட்டவர்கள் லாபம் கண்டதாகச் சொல்வதும் பொய் இல்லை. 2025 மார்ச் முடியும்வரை காஸில் மத்திய அரசின் காபன் கட்டணம் கனமீட்டருக்கு 15.25 சதம் இருந்தது. வரியோடு சேர்த்து ஓர் அலகு சூட்டின் விலை அப்போது 5 சதத்தைத் தாண்டி நின்றது. வழமையான மலிவு நேரத்திலேயே, பூச்சியத்துக்குக் கீழேயும் ஹீற் பம்ப் வென்றது. 2025 ஏப்ரல் 1ஆம் திகதி அந்தக் கட்டணம் நீங்கியதோடு கணக்கு தலைகீழானது. மானியமும் அப்படித்தான். மத்திய அரசு 5,000 டொலர் வரை கொடுத்த திட்டம் 2024 தொடக்கத்தோடு புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. 2025 சனவரியில் ஒன்ராறியோ வேறொரு திட்டத்தைத் தொடங்கியது. அது தொடங்கியபோது மின்சாரத்தால் சூடாகும் வீடுகளுக்குக் கிடைத்தது அதிகம், காஸ் வீடுகளுக்குக் குறைவு. "அரசாங்கக் காசு பத்தாயிரம் கிடைக்கும்" என்பது பழைய கதை. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், கையெழுத்துப் போடும் வாரத்தில் உள்ள தொகையை அரசின் பக்கத்தில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு காஸ் வீடுகளுக்கு மட்டும்தான். மின்கம்பிச் சூடாக்கிகளால் சூடாகும் ரவுன்ஹவுஸில் இருக்கும் உறவுகளே, உங்கள் நிலை வேறு. அந்தச் சூடாக்கி ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு சூடுதான் தருகிறது. சுவரில் பொருத்தும் ஹீற் பம்ப் போட்டால் சூட்டுக்குச் செலவாகும் மின்சாரம் பாதியளவு குறையலாம். நகருக்கு வெளியே புரொப்பேன் அல்லது எண்ணெய் ஃபேர்னஸோடு வீடு வாங்கியவர்களும் தாமதிக்காமல் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த எரிபொருட்கள் காஸைவிட விலை கூடியவை. மொன்றியலில் இருப்பவர்களுக்கு ஹைட்ரோ-கியூபெக் தனியாக ஒரு கட்டணமே வைத்திருக்கிறது. வெளியே மைனஸ் 12க்கு, சில பகுதிகளில் மைனஸ் 15க்குக் கீழே போனால் மின்சார விலை ஏறும். வீடு தானாகவே மற்ற எரிபொருளுக்கு மாறிக்கொள்ளும். அங்கே எப்போது மாறவேண்டும் என்பதைக் கட்டணமே சொல்லிவிடுகிறது. இங்கே அதை நாமே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி, ஏசி பழுதாகும் நாளுக்கு வருவோம். அன்று ஒப்பிட வேண்டியது ஹீற் பம்ப்பின் முழு விலையை அல்ல. ஏசிக்கு எப்படியும் காசு கொடுக்கத்தான் போகிறீர்கள். ஆகவே அதே கொந்தராத்துக்காரரிடம், அதே நாளில், அதே அளவில் இரண்டு கொற்றேசன் கேளுங்கள்: ஏசி மட்டும் போட்டால் எவ்வளவு, அதற்குப் பதிலாக ஹீற் பம்ப் போட்டு இருக்கும் ஃபேர்னஸோடு இணைத்தால் எவ்வளவு. மானியம் போக வரும் வித்தியாசம் மட்டும்தான் ஹைபிரிட்டின் விலை. அது 1,200 டொலருக்குள் நின்றால், இரவுத் திட்டத்தில் இருக்கும் வீட்டுக்குப் பணக் கணக்கே போதும், போடுங்கள். 2,000, 3,000 என்றால், மிஞ்சிய தொகை நீங்கள் வசதிக்கும் சுற்றாடலுக்கும் நாளைய காஸ் விலைக்கு எதிரான காப்புக்கும் கொடுக்கும் விலை. அது தகுமா என்று குடும்பமாக இருந்து பேசுங்கள். 5,000க்கு மேல் போனால் வேறு இரண்டு பேரிடம் கேளுங்கள். அங்கேயும் அதே விலை என்றால், ஏசியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். அதில் குறையொன்றும் இல்லை.

வசதி என்றேன். இது நம் வீடுகளுக்கு முக்கியம். அம்மா அப்பா பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். பேஸ்மென்றில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கும். தெர்மோஸ்ரற் மேலே ஹோலில் இருக்கும். ஃபேர்னஸ் பத்து நிமிடம் எரிந்து மேல்தளத்தைச் சூடாக்கி நின்றுவிடும். கீழே இருப்பவர்கள் கம்பளியோடு இருப்பார்கள். ஹீற் பம்ப் மெதுவாக, நீண்ட நேரம் ஓடும். காற்று தொடர்ந்து சுற்றுவதால் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஹீற் பம்ப்பின் காற்று ஃபேர்னஸ் காற்றுப் போலக் கைக்குச் சுடாது. துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று அழைப்பவர்கள் உண்டு. அறை 21 பாகையில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரவில் தெர்மோஸ்ரற்றை நான்கு ஐந்து பாகை இறக்கிக் காலையில் ஏற்றும் பழக்கத்தையும் விடவேண்டும். அப்படி ஏற்றினால், வேகமாகச் சூடாக்க அது ஃபேர்னஸைத்தான் கூப்பிடும்.

ஹைபிரிட்டுக்கு ஆதரவாக இன்னும் இரண்டு உண்மையான காரணங்கள் உள்ளன. ஸ்காபரோவின் பழைய வீடுகளில் பெரும்பாலும் 100 ஆம்ப் மின்பெட்டிதான். காஸை முழுதாக விட்டு மின்சாரத்துக்கு மாறினால், கடுங்குளிருக்குத் துணையாக 10, 15 கிலோவாட் மின்சூடாக்கி வேண்டியிருக்கும். மின்பெட்டியைப் பெருப்பிக்க இன்னும் சில ஆயிரம் போகும். ஹைபிரிட்டில் கடுங்குளிரை காஸ் பார்த்துக்கொள்வதால் பெரும்பாலும் அந்தச் செலவு இல்லை. இரண்டாவது, கரண்ட் போகும் நேரம். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் மட்டும் மூன்று லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். ஃபேர்னஸின் விசிறிக்கும் கரண்ட் வேண்டும் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. ஆனால் அந்த விசிறியை ஒரு சிறிய ஜெனரேற்றர் ஓட்டிவிடும், ஹீற் பம்ப்பை ஓட்டாது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் ஃபேர்னஸ் இருப்பது ஒரு பாதுகாப்பு.

இப்போது, நினைவில் வைக்கச் சொன்ன அந்தத் தெர்மோஸ்ரற் எண்ணுக்கு வருகிறேன். காபன் கட்டணம் இருந்த ஒரு குளிர்காலத்தில் ஸ்காபரோவில் ஒரு வயதான தம்பதியர் வீட்டுக்குப் போனேன். ஹைபிரிட் போட்டு இரண்டு குளிர்காலமாகியும் பில் குறையவில்லை என்று அந்த அம்மா சொன்னார். வெளியே 2 பாகை. ஹீற் பம்ப் சத்தமில்லாமல் நின்றது. அதன் தலையில் விழுந்த பனி அப்படியே கலையாமல் இருந்தது. கீழே ஃபேர்னஸ் எரிந்துகொண்டிருந்தது. தெர்மோஸ்ரற்றில், பொருத்துபவர்களுக்கென்று மறைத்து வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 5 பாகைக்குக் கீழே போனால் காஸுக்கு மாறு என்று பதிந்திருந்தது. ஆலையிலிருந்து வந்த எண்ணோ, பொருத்தியவர் வைத்த எண்ணோ தெரியாது. அன்றைய காஸ் விலையில் அது பூச்சியத்துக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். அதாவது, நம் குளிர்காலத்தின் பெரும்பகுதிக்கு அந்த இயந்திரம் வேலையில்லாமல் நின்றிருக்கிறது. எந்த மின்கட்டணத் திட்டத்தில் இருக்கிறார்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி ஓர் எண் இருப்பதையே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கியது கோடைகால ஏசியாக மட்டும் உழைத்திருக்கிறது.

அதனால்தான் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வருடாவருடம் நவம்பர் 1ஆம் திகதி மின்கட்டணம் மாறுகிறது. காஸ் விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அந்த எண்ணும் அதோடு மாறவேண்டும். ஹைபிரிட் போட்டவர்கள் நவம்பர் பில்லைக் கையில் எடுத்து, மேலே சொன்ன ஒரே வகுத்தலைச் செய்து எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரவுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: மாலை 4 முதல் 9 வரை ஹீற் பம்ப் ஓடாமல், நள்ளிரவில் ஓடும்படி நேரத்தையும் விலையையும் அறிந்து மாற்றக்கூடிய தெர்மோஸ்ரற் வேண்டும். 2022இல் ஒன்ராறியோ அரசு லண்டன், பீற்றர்பரோ, சென்ற் கத்தரின்ஸ், சூ சென்ற் மேரி ஆகிய நகரங்களில் ஹைபிரிட்டைப் பரீட்சித்தபோதும் அப்படியான கட்டுப்படுத்திகளைத்தான் சேர்த்துக் கொடுத்தது. அது இல்லாமல் இரவுத் திட்டத்துக்கு மாறினால், மாலை நேர உயர்ந்த விலை இரவில் பிடித்த மிச்சத்தைத் தின்றுவிடும். மின்சார அடுப்பில் மாலைச் சமையல் நடக்கும் வீட்டில், பேஸ்மென்றில் உலர்த்தி ஓடும் வீட்டில், அந்தத் திட்டம் பொருந்துமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மின்சாரக் காரை இரவில் சார்ஜ் பண்ணும் வீட்டுக்கு அது இரட்டை நன்மை.

காசைத் தாண்டிய ஒரு காரணத்தையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஒரு கனமீட்டர் காஸ் எரிந்தால் சுமார் 1.9 கிலோ கரியமிலவாயு வெளியே போகிறது. 2,000 கனமீட்டர் எரிக்கும் வீடு ஆண்டுக்கு நான்கு தொன் அளவுக்கு அனுப்புகிறது. ஒன்ராறியோ 2014இல் நிலக்கரி மின்நிலையங்களை முற்றாக மூடிவிட்டது. இங்குள்ள மின்சாரத்தில் பாதியளவு அணுமின்சாரம், அடுத்த பெரும்பங்கு நீர்மின்சாரம். காஸ் மின்நிலையங்களின் பங்கு அண்மை வருடங்களில் கூடியிருந்தாலும், ஹீற் பம்ப் ஓடும் வீட்டின் புகை ஃபேர்னஸ் வீட்டைவிட மிகக் குறைவு. வழமையான மின்கட்டணத்தில் இருந்தபடியே, பூச்சியத்துக்கு மேலுள்ள மலிவு நேரங்களில் 8,000 அலகு சூட்டை ஹீற் பம்ப்பால் எடுத்தால், என் கணக்கில் ஆண்டுக்கு அதிகம் போனால் 60 டொலர் கூடுதலாகும். எரியாமல் மிஞ்சும் காஸ் 800 கனமீட்டர், வீட்டிலிருந்து போகாமல் நிற்கும் கரியமிலவாயு ஒன்றரைத் தொன். மாதத்துக்கு 5 டொலர். கடல்மட்டம் உயர்ந்தால் உவராகக்கூடிய கிணறுகளில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். முடிந்தவர்கள் அந்த 5 டொலரைக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் குடும்பங்களை அதற்காக யாரும் குறை சொல்லக் கூடாது என்பதும் என் எண்ணம்.

கடைசியாக, கையெழுத்துப் பற்றி. இதில் நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம் பெரியவர்களின் மரியாதையையும் ஆங்கிலத் தயக்கத்தையும் பயன்படுத்தி, மாதவாடகை ஒப்பந்தத்தில் இயந்திரங்களைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் நூற்றுச் சொச்சம் என்று சிறிதாகத் தெரியும். பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் இயந்திரத்தை இரண்டு தடவை வாங்கியிருக்கலாம். ஆகவே உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 மார்ச் 1 முதல், நீங்கள் அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர்ச் சூடாக்கி விற்பது ஒன்ராறியோவில் தடை. அப்படிப் பெற்ற ஒப்பந்தம் செல்லாது. நீங்களே அழைத்து வீட்டில் கையெழுத்திட்டிருந்தாலும், ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். வாடகைக் கம்பனிகள் வீட்டின் காணிப்பதிவில் ஏற்றி வைத்து, வீட்டை விற்கும்போது பெருந்தொகை கேட்கப் பயன்படுத்திய பதிவுகளையும் 2024 ஜூன் 6 முதல் மாகாணம் தடைசெய்துவிட்டது. ஆனால் பதிவு போனாலும் வாடகை ஒப்பந்தம் தானாகப் போய்விடாது. ஆகவே வாடகைக்கு எடுக்காதீர்கள். விலைக்கு வாங்க முடியாவிட்டால், வங்கியிடம் வீட்டின் பேரில் எடுக்கும் கடனுக்கு வட்டியைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொற்றேசன் தருபவரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள். வீட்டின் சூட்டு இழப்பை சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடியத் தரமுறையில் கணக்கிட்டாரா, அல்லது பழைய பெட்டியின் அளவைப் பார்த்து எழுதினாரா? மைனஸ் 15இல் இந்த மொடல் எவ்வளவு சூடு தரும்? இருக்கும் காற்றுக் குழாய்கள் அந்தக் காற்றோட்டத்தைத் தாங்குமா? இருக்கும் ஃபேர்னஸோடும் தெர்மோஸ்ரற்றோடும் இது பேசுமா, அல்லது அவற்றையும் மாற்றவேண்டி வருமா? வெளிப்பெட்டி பனிக்கு மேலே நிற்கும்படி தாங்கியில் வைக்கப்படுமா? குளிரில் அது அடிக்கடி உறைபனியை உருக்கித் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் நடைபாதையில் உறைந்தால் அப்பாதான் வழுக்கி விழுவார். காஸ் வேலைக்கு, ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரிஎஸ்எஸ்ஏ கொடுத்த பதிவு இலக்கம் என்ன? எந்த வெப்பநிலையில் மாறும்படி வைப்பார், பிறகு அதை நாங்களே மாற்றக் காட்டித் தருவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நம்மிடம் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன, பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. இவற்றின் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஆளுக்கு இரண்டு பில்லோடு வரச் சொல்லுங்கள். கணக்குத் தெரிந்த இளம் பிள்ளைகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த வகுத்தலைச் செய்து, விடையைத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். யார் எந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒரே தெருவில் ஐந்து வீட்டு ஏசி வயதாகி நின்றால், ஐந்துக்கும் சேர்த்து விலை கேளுங்கள். கொந்தராத்துக்காரரிடம் ஒரு வீடு கேட்பதற்கும் ஐந்து வீடு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, "கையெழுத்துப் போட முதல் எங்களுக்குக் கோல் பண்ணுங்கோ" என்று சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

நீங்கள் ஹைபிரிட் போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் விருப்பம். இரண்டில் எதுவானாலும், அது உங்கள் பில்லையும் உங்கள் வீட்டையும் பார்த்து நீங்களே எடுத்த முடிவாக இருக்கட்டும். ஜூலை வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருவன்